உப்பேறிய குப்பையை எரித்தால்

ஜெகதாப்பட்டினம் இறங்குதளத்தில் சேரும் குப்பைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அறுந்த தங்கூசி வலை, இழுவை வலையின் கிழிசல், கயிற்றுத் துண்டு, உடைந்த தெர்மாகோல் பெட்டி, மிதவை, தண்ணீர் பாட்டில், இன்ஜின் எண்ணெய் துடைத்த துணி, கழற்றிப் போட்ட வயர் என்று வகைவகையாகக் கிடந்தாலும், எல்லாவற்றிலும் உப்பு ஏறியிருக்கும். கடல்நீரில் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறிக் காய்ந்து, இழைக்கு இழை உப்புப் படிந்திருக்கும். வலைக் கிழிசலைக் கையில் எடுத்து உதறினால் நரநரவென்று உதிரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் நடுவே இருக்கும் இந்த விசைப்படகுத் துறையை, இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்லும் படகுகளின் செய்தியில்தான் வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைப் பழுதுபார்ப்பதும் வலைகளைச் செப்பனிடுவதும் அப்போதுதான் நடக்கும். கழித்துக் கட்டும் வலையும் கயிறும் அப்போதுதான் குவியும். குவிந்ததை ஓரமாகத் தள்ளிக் கொளுத்திவிடுவது கடற்கரை ஊர்கள் பலவற்றில் பழகிப்போன வழக்கம்.

“சும்மா கொளுத்துவதற்குப் பதிலாக, முறையாக எரித்து மின்சாரம் எடுத்தால் என்ன?” என்ற கேள்வி இந்த இடத்தில் எழுவது இயல்பு. சென்னை மாநகராட்சி கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து 21 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறது. அதை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் உமிழும் புகையை ஏற்கெனவே சுவாசிக்கும் பகுதி அது. இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்பது அவர்கள் தரப்பு. நவீன உலையில் நஞ்சு வராது என்பது அதிகாரிகள் தரப்பு. இரண்டையும் எடைபோட வேண்டுமானால் நெருப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடற்கரைக் குப்பையில் இருக்கும் உப்பு அந்த வேதியியலின் நடுவிலேயே நிற்கிறது.

குப்பை எரிபொருளாவது எப்படி?

வண்டியில் வந்து இறங்கும் குப்பை அப்படியே எரியாது. இந்திய நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி காய்கறிக் கழிவும் சாப்பாட்டு மிச்சமும்தான். அவ்வளவும் ஈரம். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் தேவை. ஒரு கிலோ குப்பையில் அரைக் கிலோ தண்ணீர் இருந்தால், எரிவதற்கு முன்பே 300 கிலோகலோரி அதற்குச் செலவாகிவிடும். மொத்தமே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோகலோரி உள்ள குப்பைக்கு இது பெரிய இழப்பு. ஈர விறகை அடுப்பில் திணித்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்: சூடு ஏறாது, புகைதான் மண்டும்.

டெல்லி இதைக் காசு கொடுத்துக் கற்றது. 1987இல் திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் எரிவுலை கட்டினார்கள். நாளுக்கு 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுப்பது கணக்கு. ஓடியது 21 நாள்தான். டெல்லியின் குப்பை அந்த உலைக்குத் தேவையான சூட்டைத் தரவில்லை.

அதனால்தான் குப்பையிலிருந்து ஈரத்தையும் மண்ணையும் கண்ணாடியையும் இரும்பையும் நீக்கி, எரியக்கூடிய பிளாஸ்டிக், துணி, காகிதம், ரெக்சின், தேங்காய் மட்டை போன்றவற்றைத் தனியே எடுத்து நறுக்கிக் காயவைக்கிறார்கள். இதுதான் ஆர்.டி.எஃப். எனப்படும் குப்பை எரிபொருள். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2018இல் இதற்குத் தரம் பிரித்தது. முதல் தரம் என்றால் கிலோவுக்கு 4,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம், 10 சதவீதத்துக்குக் குறைவான ஈரம், 0.5 சதவீதத்துக்குக் குறைவான குளோரின். கடைசித் தரத்துக்கு 1,500 கிலோகலோரி போதும். ஈரம் 35 சதவீதம் வரை இருக்கலாம். குளோரின் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வரம்பு வைத்தது புரிகிறது. குளோரினுக்கு ஏன்?

அணுக்களின் கணக்கு

நெருப்பு எந்த அணுவையும் அழிப்பதில்லை. உள்ளே போன ஒவ்வொரு தனிமமும் வேறு வடிவத்தில் வெளியே வந்தே தீரும். ஆகவே குப்பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் புகையில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

இறங்குதளக் குப்பையையே எடுத்துக்கொள்வோம். இழுவை வலையும் கயிறும் பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதால், நல்ல சூட்டில், போதிய காற்றோடு எரிந்தால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும்தான் வரும். தங்கூசி வலை நைலான். அதன் எடையில் சுமார் 12 சதவீதம் நைட்ரஜன். சூடான உலையில் அது நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறும். காற்றுப் போதாமல் புகைந்து எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் வரும். தெர்மாகோல் திறந்த வெளியில் எரியும்போது கன்னங்கரேலென்று கரி கக்கும். வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயக் குண்டு 327 டிகிரி செல்சியஸில் உருகும். உலையில் குளோரினோடு சேர்ந்தால் ஈயக் குளோரைடாகி ஆவியாகக் கிளம்பும். பழைய குழல்விளக்கிலும் பட்டன் பேட்டரியிலும் இருக்கும் பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலைச் சூட்டில் குப்பையின் பாதரசம் அடிச்சாம்பலில் தங்காமல் வாயுவோடு போய்விடும்.

இனி குளோரின். வயரின் மேலுறையும் பைப்பும் பி.வி.சி. அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். ஒரு கிலோ தூய பி.வி.சி. எரிந்தால் அரைக் கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஈரம் பட்டால் அது அமிலம். இதற்காகவே உலைக்காரர்கள் பி.வி.சி.யைக் கண்டு அஞ்சுவார்கள்.

கடற்கரையில் பி.வி.சி. இல்லாமலேயே குளோரின் இருக்கிறது. கறியுப்பில் 60 சதவீதத்துக்கு மேல் குளோரின்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு கிலோ வலை 300 கிராம் கடல்நீரைப் பிடித்துக்கொண்டு காய்ந்தால், பத்து கிராம் உப்பு அதிலேயே தங்கும். அந்த உப்பில் ஏறக்குறைய ஆறு கிராம் குளோரின். வலையின் எடையில் அது 0.6 சதவீதத்தை நெருங்கும். ஒரு தடவை நனைந்து காய்ந்ததற்கே முதல் தர எரிபொருளின் குளோரின் வரம்பான 0.5 சதவீதம் உடைந்துவிட்டது. அந்த வலை கடலில் எத்தனை தடவை நனைந்திருக்கும்?

இதைக் கனடா அனுபவித்திருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரக் காகித ஆலைகளுக்கு மரங்களைக் கடல் வழியே மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். மரப்பட்டை உப்பை உறிஞ்சிக்கொள்ளும். காகிதத்துக்கு ஆகாத அந்தப் பட்டையையும் மரக்கழிவையும் கொதிகலனில் எரித்து ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் எடுத்தார்கள். பிளாஸ்டிக் இல்லை, வெறும் மரம்தான். ஆனாலும் அந்தக் கொதிகலன்களின் புகையில் டயாக்சின் மிகுந்திருந்தது. உள்நாட்டில் உப்பில்லா மரத்தை எரித்த ஆலைகளில் அந்தச் சிக்கல் இல்லை. கடைசியில் 2001இல் உப்பேறிய மரம் எரிக்கும் கொதிகலன்களுக்கென்றே கனடா தனியாக டயாக்சின் வரம்பு விதித்தது. கழிவை எரித்து மின்சாரம் எடுக்க நினைக்கும் எந்தக் கடலோர ஊருக்கும் இது நேரான பாடம்.

சாம்பல் துகளின் மேல் நடப்பது

டயாக்சின், ஃபியூரான் என்பவை 210 சேர்மங்கள் அடங்கிய ஒரு குடும்பம். அவற்றில் 17 கொடிய நஞ்சு. எல்லாவற்றிலும் கொடியதான டி.சி.டி.டி.யை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் வகைப்படுத்தியது. இவற்றை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை. பெரும்பாலும் எரியும்போது தானாகப் பிறப்பவை.

எங்கே பிறக்கின்றன என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. கொதிக்கும் தீயில் டயாக்சின் நிற்காது. 850 டிகிரிக்கு மேல் சிதைந்துவிடும். அதனால்தான் புகை வாயு இரண்டாம் அறையில் 950 டிகிரி சூட்டில் குறைந்தது இரண்டு விநாடி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்து, வாயு தூய்மையாக வெளியேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அது கொதிகலன் குழாய்களைச் சுற்றிவந்து, தன் சூட்டை நீருக்குக் கொடுத்துவிட்டுக் குளிர வேண்டும். அந்தச் சூட்டில்தான் நீராவி உண்டாகிறது, டர்பைன் சுற்றுகிறது.

வாயு 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும் அந்த வழியில் ஒரு சாம்பல் துகளை உற்றுப்பாருங்கள். முடியிழையைவிட மெல்லியது. அதன் மேல் முழுவதும் எரியாத கரி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வயரிலிருந்து வந்த செம்பு, குளோரைடு வடிவில் ஒரு புள்ளியாகப் படிந்திருக்கிறது. சுற்றிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜன் குளோரைடும். செம்பு வினையூக்கியாக நிற்க, கரியின் அறுகோண வளையங்களில் குளோரின் ஏறுகிறது. ஆக்சிஜன் இரண்டு வளையங்களை இணைக்கிறது. தீயில் அழிந்த டயாக்சின் தணியும் புகையில் புதிதாகப் பிறந்துவிட்டது. கொதிகலன் குழாய்களில் சாம்பல் படியப்படிய இந்தப் பட்டறை பெரிதாகும்.

மின்சாரம் எடுக்க வேண்டுமானால் புகையை நிதானமாகக் குளிரவிட வேண்டும். டயாக்சினைத் தடுக்க வேண்டுமானால் 450-க்கும் 200-க்கும் இடைப்பட்ட கட்டத்தைச் சட்டென்று தாண்டவைக்க வேண்டும். குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒவ்வோர் ஆலையும் இந்த இழுபறிக்குள்தான் ஓடுகிறது. உள்ளே போகும் குளோரினையும் செம்பையும் குறைப்பதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

வடிகட்டியில் பிடிபட்டது எங்கே போகிறது?

நவீன ஆலையில் கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே நீண்ட துப்புரவு வரிசை உண்டு. யூரியா அல்லது அம்மோனியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பார்கள். சுண்ணாம்பு தூவி அமில வாயுக்களைப் பிடிப்பார்கள். கிளர்வுற்ற கரித்தூளைத் தூவினால் பாதரசமும் டயாக்சினும் அதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் துணிப்பை வடிகட்டிகள் தூசியை அள்ளிவிடும். எல்லாம் சரியாக ஓடினால் புகைபோக்கியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

டயாக்சினுக்கு நம் நாட்டு வரம்பு ஒரு கன மீட்டர் வாயுவில் 0.1 நானோகிராம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே வரம்புதான். விதியில் நாம் பின்தங்கவில்லை.

விதிக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்க ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2013இல் வெளியிட்ட கணக்கீட்டுக் கையேடு உதவும். ஒரு டன் நகரக் குப்பை எரிந்தால் காற்றில் எவ்வளவு டயாக்சின் கலக்கும் என்பதற்கு அது தரும் சராசரி மதிப்புகள் இவை. உயர்தர உலை, முழுத் துப்புரவு வசதி: 0.5 மைக்ரோகிராம். நல்ல உலை, ஓரளவு நல்ல வசதி: 30. கட்டுப்பாடான உலை, பெயரளவுக்கு வசதி: 350. வசதியே இல்லாத உலை: 3,500. எரிவது எல்லாவற்றிலும் குப்பைதான். உலையின் தரம் மட்டும் ஏழாயிரம் மடங்கு வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது.

அதே கையேட்டில் இன்னொரு பத்தி இருக்கிறது. முதல் தர உலையில் காற்றுக்குப் போவது 0.5 மைக்ரோகிராம் என்றால், வடிகட்டியில் பிடிபட்ட பறக்கும் சாம்பலில் தங்குவது 15 மைக்ரோகிராம். முப்பது மடங்கு. பாதரசம், காட்மியம், ஈயம் ஆகியவையும் அங்கேதான் வந்து சேரும். புகையைத் தூய்மையாக்கியதால் நஞ்சு மறையவில்லை. சாம்பல் மூட்டைக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தச் சாம்பலை அபாயக் கழிவாகக் கருதி, நீர் புகாத குழியில் பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும். மழையில் நனைய விட்டாலோ, பள்ளம் நிரப்ப லாரியில் அனுப்பினாலோ புகைபோக்கியில் செலவழித்த கோடிகள் வீண். ஓர் ஆலையைப் பார்க்கப் போகிறவர்கள் புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல், பறக்கும் சாம்பல் எந்த வண்டியில் எந்தக் குழிக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும்.

கொடுங்கையூரும் கடற்கரைக் கொளுத்தலும்

கையேட்டின் மதிப்புகளை நம் இடங்களில் பொருத்திப் பார்க்கலாம். கொடுங்கையூர் ஆலை 2,100 டன் எரித்து, எல்லாம் முதல் தரமாக ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் டயாக்சின் காற்றில் சேரும். இரண்டாம் தரத்துக்கு இறங்கினால் 63 மில்லிகிராம். பெயரளவு வசதியோடு ஓடினால் 735 மில்லிகிராம். மழைக்காலக் குப்பை ஈரமாக வந்து சூடு இறங்கும்போதும், உலையை நிறுத்தித் தொடங்கும்போதும், கரித்தூள் செலவை மிச்சம் பிடிக்கும்போதும் ஓர் ஆலை தரம் இறங்கிவிடும். வடசென்னை மக்களின் அச்சம் அறியாமையில் பிறந்ததல்ல, நியாயமான அச்சம்.

கடற்கரைக் கொளுத்தலுக்கு வருவோம். வீட்டுக் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் டன்னுக்கு 40 மைக்ரோகிராம், குப்பைக்கிடங்கு தீப்பிடித்தால் 300 என்கிறது அதே கையேடு. அப்படியானால் 26 டன் குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்துவதும், 2,100 டன்னை முதல் தர உலையில் எரிப்பதும் காற்றுக்கு ஒன்றுதான். ஊருக்கு ஒரு டன் என்று 26 ஊர்கள் கொளுத்தினால் போதும், ஒரு பெரிய ஆலையின் ஒரு நாள் கணக்கு நிறைந்துவிடும். உப்பும் வயரும் கலந்த குப்பையென்றால் இன்னும் மோசம். “சின்னதாக ஒரு மூலையில் கொளுத்துகிறோம், அதனால் என்ன?” என்று இனி யாரும் சொல்ல முடியாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதும் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்து, 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் விதித்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஆலைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் திறந்தவெளி நெருப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதும், திறந்தவெளி நெருப்பைக் காட்டி ஆலையை நியாயப்படுத்துவதும் அரைகுறை வாதங்கள். இரண்டையும் தவிர்க்க வழி இருக்கும்போது ஒன்றைக் காட்டி இன்னொன்றை வாங்கச் சொல்வது நேர்மையல்ல.

அளக்காத நஞ்சு

தூசி, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு ஆகியவற்றைப் புகைபோக்கியில் பொருத்திய கருவி நொடிக்கு நொடி அளந்துவிடும். டயாக்சினை அப்படி அளக்க முடியாது. பல மணி நேரம் மாதிரி எடுத்து, உயர்தர ஆய்வகத்துக்கு அனுப்பி, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் அந்த வசதியுள்ள ஆய்வகங்கள் மிகச் சில. திருவனந்தபுரத்தில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனமான என்.ஐ.ஐ.எஸ்.டி. அவற்றில் ஒன்று. ஆகவே ஆண்டில் ஓரிரு நாள் எடுத்த மாதிரியை வைத்து மற்ற நாள்களுக்கும் சான்று வழங்கப்படுகிறது. மாதிரி எடுக்க வருகிற நாளில் எந்த ஆலையும் நல்ல குப்பையைத்தான் போடும். பெல்ஜியத்தில் இதற்கு மாற்று வழி கண்டார்கள்: புகைபோக்கியிலேயே ஒரு கருவி வாரக்கணக்கில் தொடர்ந்து மாதிரியைச் சேகரிக்கும்; பிறகு ஆய்வகத்தில் அதைச் சோதிப்பார்கள். கெட்ட நாள்களும் கணக்கில் வந்துவிடும்.

டெல்லி ஓக்லாவில் 2012 முதல் ஓர் ஆலை குடியிருப்புகளுக்கு நடுவே ஓடுகிறது. சுற்றியுள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். கடந்த காலத்தில் வரம்பை மீறியதற்காக 2017 பிப்ரவரியில் பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. ஆலை தொடர்ந்து ஓட அனுமதியும் தந்தது.

மீனில் வந்து சேர்வது

டயாக்சின் உள்ள காற்றைச் சுவாசிப்பதால் வரும் ஆபத்தைவிட உணவு வழியே வரும் ஆபத்து பெரிது. மனிதருக்குள் போகும் டயாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவில், குறிப்பாக இறைச்சி, பால், மீன், நண்டு போன்றவற்றின் கொழுப்பில் வருகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். புகையில் கிளம்பியது புல்லிலும் மண்ணிலும் நீரிலும் படியும், நீரில் கரையாது, கொழுப்பில் ஏறும். நம் உடம்பில் ஏறியது பாதியாகக் குறையவே ஏழு முதல் பதினோரு ஆண்டு ஆகும். தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் போகும். பிரான்சில் ஆல்பர்வில் நகருக்கு அருகே ஓர் எரிவுலை 2001இல் மூடப்பட்டது. மூடவைத்தது மாட்டுப்பாலில் கண்ட டயாக்சின். சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

கடல் பக்கத்து உதாரணமும் கனடாவிலேயே இருக்கிறது. அங்கே காகிதத்தை வெளுக்கக் குளோரின் பயன்படுத்திய ஆலைகளின் கழிவுநீரால் நண்டின் ஈரல் பகுதியில் டயாக்சின் சேர்ந்து, 1980களின் இறுதியில் பல இடங்களில் நண்டு பிடிக்கவே தடை வந்தது. அங்கே வழி கழிவுநீர். நஞ்சு புகையில் வந்தாலும் நண்டின் உடம்பு அதைச் சேர்த்துவைக்கும் விதம் ஒன்றுதான்.

நண்டும் இறாலும் கணவாயும் விற்றுப் பிழைக்கும் ஊருக்கு இதைவிட நேரான எச்சரிக்கை வேண்டுமா? ஜெகதாப்பட்டினத்தின் முன்னே இருக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022இல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது, அங்கே கடற்புல் படுகைகள் செழித்திருப்பதால்தான். நண்டுக்கும் இறாலுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் அந்தப் புல்தான் தொட்டில். பின்னிரவில் கரைக்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்போது, கரையில் கொளுத்திய நெருப்பின் புகை தாழ்ந்து போய் அந்தத் தண்ணீரின் மேல்தான் கவியும்.

பசுமை மின்சாரமா?

குப்பை மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று வகைப்படுத்துகிறார்கள். வாழையிலையும் காகிதமும் எரிந்தால் வரும் கார்பன், செடி நேற்று காற்றிலிருந்து எடுத்தது, அது சரி. பிளாஸ்டிக்கில் இருப்பது நிலத்தடி எண்ணெயின் கார்பன். ஒரு கிலோ பாலிஎத்திலீன் எரிந்தால் 3.1 கிலோ கார்பன் டைஆக்சைடு. கொடுங்கையூர்த் திட்டக் கணக்குப்படி ஒரு டன் குப்பைக்குக் கிடைப்பது 240 யூனிட் மின்சாரம். அந்த டன்னில் நூறு கிலோ பாலிஎத்திலீன் இருந்தாலே, யூனிட்டுக்கு 1.3 கிலோ கார்பன் டைஆக்சைடு ஆகிறது. நிலக்கரி மின்சாரத்தில் அது ஏறக்குறைய ஒரு கிலோ. ஈரக் குப்பையைக் கிடங்கில் அழுகவிட்டால் மீத்தேன் வரும், அது இன்னும் கெடுதல் என்பது உண்மை. ஈரக் குப்பையை உரமாகவோ சாண எரிவாயு போல வாயுவாகவோ மாற்றினால் அந்த மீத்தேனும் காற்றில் சேராது, உலையும் வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

பிரித்த பிறகும் எதற்கும் ஆகாத பிளாஸ்டிக் கொஞ்சம் மிஞ்சும். அதற்குத் தமிழ்நாட்டில் இப்போது சிமென்ட் ஆலைகள் வழி. சிமென்டுக்காக அரைக்கும் கிளிங்கர் கட்டி உருவாக 1,450 டிகிரி சூடு தேவை. சுண்ணாம்புக்கல் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாம்பலும் கிளிங்கரோடு கலந்துவிடும். மின்சாரத்துக்காகக் கட்டும் உலையைவிட இது மேலான ஏற்பாடு. ஆனால் பாதரசத்தை அந்தச் சூளையாலும் பிடித்துவைக்க முடியாது. குளோரின் மிகுந்தால் சூளையின் சுவரில் உப்பு கட்டிக்கொண்டு அடைக்கும் என்பதால் சிமென்ட் ஆலைக்காரர்களும் உப்பேறிய குப்பையை விரும்பமாட்டார்கள்.

ஆக எந்த உலைக்கு அனுப்பினாலும் முதல் வடிகட்டி இறங்குதளத்தில்தான் இருக்க வேண்டும். நைலான் வலையை மறுபடி நைலானாகவே மாற்ற முடியும். அதை மூலப்பொருளான காப்ரோலாக்டமாகப் பிரித்தெடுத்துப் புது நூலாக்கும் தொழில் உலகில் நடக்கிறது. இழுவை வலையின் பாலிஎத்திலீனை உருக்கி மணிகளாக்கலாம். சென்னைக் காசிமேட்டில் பழைய வலைகளை மீனவரிடமிருந்து விலைக்கு வாங்கிச் சேகரிக்கும் ஏற்பாட்டை அரசு தொடங்கியிருக்கிறது. ஜெகதாப்பட்டினத்துக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் அது வர வேண்டும். தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே வர வேண்டும். வலையிலிருந்து ஈயக் குண்டைக் கழற்றி வைத்தால் காயலான் கடையில் காசு. வயரை உரிக்காமல் கொடுத்தாலும் காசு. செம்புக்காக அதைக் கொளுத்துவதைப் போல டயாக்சினுக்கு உகந்த சமையல் வேறில்லை.

மீனவர் சங்கங்களுக்கும் ஊராட்சிக்கும் வேண்டுகோள் இதுதான். இறங்குதளத்தில் வலைக்கும் கயிற்றுக்கும் ஒரு கொட்டகை, வயருக்கும் பேட்டரிக்கும் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, மீன் கழிவுக்கு ஓர் உரக்குழி கேட்டு வாங்குங்கள். மீன்வளத்துறை அதைச் செய்துதர வேண்டும். தூய்மைக் காவலர்கள் குப்பையைக் கொளுத்த நேர்ந்தால் அவர்களைத் திட்டாதீர்கள். கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்லாமல் விட்டவர்களைக் கேளுங்கள். நாளை உங்கள் ஊருக்கோ பக்கத்து நகரத்துக்கோ குப்பை மின்சார ஆலை வருகிறது என்று கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்: உள்ளே போகும் எரிபொருளின் குளோரின் எவ்வளவு, டயாக்சினுக்கு ஆண்டு முழுவதும் தொடர் மாதிரி எடுத்து வெளியிடுவீர்களா, பறக்கும் சாம்பல் எந்தக் குழிக்குப் போகிறது. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத ஆலைக்குச் சம்மதம் தராதீர்கள். அந்தக் கூட்டம் வரும்வரை காத்திருக்காமல், இன்றே நிறுத்தக்கூடிய நெருப்பு ஒன்று இருக்கிறது: பழைய வலையைக் கரையில் கொளுத்தாதீர்கள்.